கழுகுக்கு வைத்த சர்க்கரைப் பொங்கல்

சிங்கப்பூரில் மலை கிடையாது. புக்கித் தீமா என்று ஒன்று இருக்கிறது. அதை மலை என்று அழைப்பது எங்கள் ஊர்க்காரர்களின் பெருந்தன்மை. அடிவாரத்துக் கடையில் காப்பி சொல்லிவிட்டு ஏறினால், அது ஆறுவதற்குள் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். அதன் ஒரு பக்கத்தை வெட்டி வெட்டிக் கருங்கல் எடுத்து ரோடு போடுகிறார்கள். வெட்டிய இடம் செங்குத்தான பாறைச்சுவராக நிற்கிறது. இருக்கிற ஒரே மலையையும் தோண்டி ரோடாக்கும் ஊரில்தான் நான் கழுகைப் பார்த்தேன்.

பருந்து இல்லை. பருந்து இங்கே தினமும் ஆற்றுமுகத்தில் சுற்றுகிறது. அதிலும் செம்பருந்து தலைக்கு மேலே வந்துவிட்டால் தேக்கா வட்டாரத்துத் தமிழர்கள் நடுரோட்டில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான். நான் பார்த்தது பிணந்தின்னிக் கழுகு. மேசை அகலத்துக்கு இறக்கை, மொட்டைத்தலை, கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல வெளுத்த இறகு வளையம். குவாரி ஓரத்தில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. அதற்கு மேலே பட்டுப்போன மரத்தில் உட்கார்ந்து, ஆபீஸ் திறக்கக் காத்திருக்கும் பென்ஷன்காரர் மாதிரி அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நானும் என் கூட்டாளியும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போயிருந்தோம். அவன் என்னோடு காலேஜில் பொருளாதாரம் படிப்பவன். அவன் அப்பாவுக்குத் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை. கழுகு வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பினேன். அவன் கண்ணைத் திறந்து, "டீ வந்துடுச்சா?" என்று கேட்டான். அதற்குள் கழுகு போய்விட்டது.

நான் படிப்பது விலங்கியல். மறுநாள் வகுப்பில், இந்தத் தீவில் கழுகு கிடையாது என்று விரிவுரையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வெள்ளைக்காரர். அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையுமாக வருவார், பறவைகளைப் பற்றிப் பேசும்போது சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே அலுத்துக்கொள்வார். நான் எழுந்து, நேற்றுப் பார்த்தேன் என்றேன். எங்கே என்றார். சொன்னேன். கூட யார் என்றார். கூட்டாளி இருந்தான், ஆனால் தூங்கிக்கொண்டிருந்தான் என்றேன். முழு வகுப்பும் சிரித்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. "விஞ்ஞானத்தில் இரண்டு வழிதான். அடுத்த வாரம் புகைப்படத்தோடு வா. இல்லாவிட்டால் இதே இடத்தில் நின்று, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்" என்றார்.

அந்த வகுப்பில் தமிழன் நான் ஒருவன்தான். திரும்பப் பெற்றுக்கொண்டால், டிகிரி வாங்கி வெளியே போகும்வரை நான் கதை விடுபவன். நாளைக்கு எலி இரண்டு காலில் நடக்காது என்று சொன்னால்கூட எவனும் நம்ப மாட்டான். பின் பெஞ்சில் ஒருவன் அதற்குள் இரண்டு கைகளையும் விரித்து இறக்கை அடித்துக் காட்ட ஆரம்பித்திருந்தான்.

என்னிடம் கேமரா இல்லை. கழுகைப் படமெடுக்கும் அளவுக்கு நீளமான லென்ஸ் எனக்குத் தெரிந்து ஒருவரிடம்தான் இருந்தது. அவர் எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்தின் செயலாளர். அரசாங்க ஆபீஸில் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். வருஷக்கணக்காகச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய ஜெர்மன் கேமராவில் இதுவரை சங்கத்து ஆண்டு விழாக்களை மட்டுமே எடுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் பளபளத்தது.

"வாறன் தம்பி. ஆனா கமராவை நான்தான் பிடிப்பன். அது வேற ஒருத்தற்ற கைக்கும் போகாது."

"சரிண்ணே. கழுகு வர்றதுக்கு ஏதாவது செத்தது போடணும். என் கூட்டாளியோட கடையில ஆட்டுக்குடல் கிடைக்கும்."

செயலாளர் ஒரு அடி பின்னால் போனார். "மச்சம் மாமிசம் ஒண்டும் என்ர கமராவுக்கு முன்னால வரக்கூடாது. எங்கட வீட்டில முட்டை கூட வாங்கிறேல்லை."

"அண்ணே, அது பிணந்தின்னி. தோசை சாப்பிடாது."

"அதெல்லாம் பிறகு யோசிப்பம்."

அடுத்தது மறைவிடம். பறவைக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து படமெடுக்க ஒரு சின்னக் கூடாரம் வேண்டும். துணி சங்கத்திடம் இருந்தது. சங்கத்துத் துணியை வெளியே எடுக்கத் தலைவர் சம்மதிக்க வேண்டும். தலைவருக்குச் சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை. வழுக்கைத்தலையும் ஜரிகைத் துண்டுமாகக் கல்லாவில் இருப்பார். அவரிடம் எதையும் தனியாகக் கேட்க முடியாது, கேட்டால் கூட்டம் போட்டுவிடுவார்.

போட்டார். கடை மாடியில், புடவை மூட்டைகளுக்கு நடுவே, பறவைப் படப்பிடிப்பு உபகுழு அமைக்கப்பட்டது. எங்கள் சங்கத்தில் நாற்காலியை நகர்த்துவதற்கும் உபகுழு உண்டு என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை. வரவேற்புரை தலைவர். நன்றியுரை செயலாளர். பார்வையாளர்கள் நானும் கூட்டாளியும்.

"கழுகு நம்ம இனத்துக்குப் புதுசில்ல தம்பி," என்றார் தலைவர். "திருக்கழுக்குன்றம் போயிருக்கியா?"

"இல்லைங்க."

"நான் போயிருக்கேன். கண்ணால பார்த்தேன். மலை உச்சி. உச்சிப் பொழுது. ரெண்டு கழுகு ஜம்முனு வந்து இறங்குச்சு. பூசாரி சர்க்கரைப் பொங்கலை நீட்டுறாரு, கையில இருந்தே கொத்தித் தின்னுச்சு. முடிச்சுட்டு, கிண்ணத்துல மூக்கைத் துடைச்சுட்டுப் பறந்து போச்சு. ரெண்டும் கழுகில்ல, ரிஷிங்க. தினம் ராமேஸ்வரம் போய்ட்டு வர்ற வழியில சாப்பிடுறாங்க."

"ஓம், நானும் பார்த்தனான்," என்றார் செயலாளர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. முட்டை வாங்காத வீட்டுக்கு வழி பிறந்துவிட்டது.

"அது அங்கங்க. இங்க வந்தது நாயைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்துச்சு," என்றேன்.

"பசி தம்பி," என்றார் தலைவர். "பொங்கல் கிடைக்காத ஊர்ல அது என்ன செய்யும்?"

ஆக, கழுகுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர், வழிமொழிந்தவர் செயலாளர். நெய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்பது திருத்தம். வாய் திறந்து மறுக்க எனக்கு வழியில்லை. கேமராவும் அவர்களுடையது, துணியும் அவர்களுடையது, கழுகு மட்டும்தான் என்னுடையது. அதையும் எவனும் நம்பவில்லை.

படி இறங்கும்போது கூட்டாளி என் தோளில் கை போட்டான். "கவலப்படாத மச்சான். பொங்கல் மேல முந்திரி போட்டா கழுகு என்ன, அதோட ஆத்தாவே வரும்."

"நீ தூங்காம இருந்திருந்தா எனக்கு இந்தத் தலைவலி, இந்த சூசாவே இல்ல."

"சரி லா, சரி லா. என் தப்புதான். நான் பார்த்துக்குறேன் விடு."



ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவரின் நண்பருடைய லாரியில் போனோம். குவாரிக்கு அன்று விடுமுறை. அவிழ்த்தபோதுதான் துணியைப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பந்தல் துணி, ஓரமெல்லாம் ஜாலர். பட்டுப்போன மரத்துக்கு எதிரே பாறைத்திட்டில் அதைக் கட்டி முடித்ததும், ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸ் பாலத்தில் வரும் லாரிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். போதாததற்குத் தலைவர் வாசலில் இரண்டு வாழை மரத்தைக் கட்டச் சொன்னார்.

"தலைவரே, இது மறைவிடம்," என்றேன். "நாம இருக்கிறது கழுகுக்குத் தெரியக்கூடாது."

"நாம இருக்கிறது தெரிய வேணாம். விசேஷம்னு தெரியணும்ல."

தேங்காய் உடைத்தார்கள். செயலாளர் படமெடுத்தார். கற்பூரம் காட்டினார்கள். செயலாளர் படமெடுத்தார். தலைவருக்குச் செயலாளர் மல்லிகை மாலை போட வேண்டும், அதைப் படமெடுக்கவும் வேண்டும் என்று ஒரு சிக்கல் வந்தது. மாலையை நான் போட்டேன். பிறகு பாறையில் இலை விரித்துத் தலைவர் பொங்கலைப் பரிமாறுவது, பரிமாறிவிட்டு வானத்தைப் பார்ப்பது, வானத்தைப் பார்த்துக் கைகாட்டுவது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான். ஒவ்வொரு கிளிக்குக்கும் நான் ஒரு விரலை மடக்கினேன். கழுகு வருவதற்கு முன்பே கழுகின் படங்கள் தீர்ந்துகொண்டிருந்தன.

"அண்ணே, வேற ரோல் இருக்குல்ல?"

"இல்லைத் தம்பி. ஒண்டே ஒண்டுதான் வெச்சிருந்தனான். நீர் பயப்படாதேயும், இன்னும் ரெண்டு கிடக்கு."

இந்த அமளியில் கூட்டாளியைக் காணவில்லை. பட்டமரத்துக்குப் பின்னாலிருந்து கைகளைப் புல்லில் துடைத்துக்கொண்டு வந்தான். ஒண்ணுக்குப் போனேன் என்றான். அவன் மேல் ஒரு வாடை வந்தது. தேக்கா மார்க்கெட்டில் அவன் அப்பா கடைக்குப் பின்னால் வரும் அதே வாடை.  செயலாளர் ஊதுபத்தி கொளுத்தியிருந்ததால் அவர் மூக்குக்கு எட்டவில்லை.

நான்கு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். மறைவிடத்தின் ஒரே விதி, பேசக்கூடாது. இதை நான் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் ஆமோதித்தார்கள், தலைவர் கொஞ்சம் விரிவாகவே ஆமோதித்தார். மௌனத்தின் பெருமையைப் பற்றி அவர் பேசி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. செயலாளர் தெர்மாஸைத் திறந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றினார். தலைவரின் மாலையைத் தேடித் தேனீ வந்தது. தேனீயை விரட்டக் கூட்டாளி துண்டை வீசினான், துண்டு கேமரா நின்ற முக்காலியில் மாட்டி, கேமராவைப் பிடிக்க மூன்று பேர் பாய்ந்தோம். அந்த வேளையில் மேலே ஒரு கழுகு பறந்துபோயிருந்தால் தன் வாழ்நாளில் கண்ட வினோதமான கல்யாணம் என்று நினைத்திருக்கும்.

உச்சிப் பொழுதுக்குப் பொங்கலைச் சாப்பிட வந்தார்கள். ரிஷிகள் இல்லை, குரங்குகள். புக்கித் தீமா குரங்குகளுக்கு மக்கான், அதாவது சாப்பாடு, என்றால் கூட்டம் போடவே தேவையில்லை. முந்திரியை முதலில் பொறுக்கின, இலையை வழித்தன, வழித்த இலையையும் கொண்டுபோயின.

"இது தாங்காது," என்று தலைவர் குடையோடு வெளியே பாய்ந்தார். குரங்குகள் கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்து அவரை ஆராய்ந்தன. தலைவர் தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த பொங்கலைப் புது இலையில் வைத்தார். குடையை வேல் மாதிரி ஊன்றிக்கொண்டு திரும்பி நின்றார்.

"செயலாளரே. இதை ஒண்ணு எடுங்க. குரங்கும் தெரியணும்."

"அண்ணே, வேணாம்ணே," என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

"தலைவர் சொல்லுறார், தம்பி." எடுத்துவிட்டார்.

"கண்ணை மூடிட்டேன்னு நினைக்கிறேன்," என்றார் தலைவர் வெளியிலிருந்து. "இன்னொண்ணு."

ரோலில் மிச்சம் ஒரே ஒரு படம். செயலாளர் பிலிமைச் சுற்றினார், குனிந்தார், தலைவரின் முகத்துக்கு லென்ஸைத் திருகிச் சரிசெய்தார். அப்போதுதான் தலைவருக்குப் பின்னால் ஒரு நிழல் பாறைமேல் ஓடியது. குரங்குகள் ஒரே நேரத்தில் காணாமல் போயின. பட்டமரத்தின் கிளை ஒரு தரம் ஆடி நின்றது.

அதேதான். மொட்டைத்தலை, வெளுத்த வளையம், கூன் போட்ட தோள். தலைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, மரத்தடியில் என் கூட்டாளி வைத்துவிட்டு வந்ததை அது பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, பின்னாடி, மரத்துல," என்று கிசுகிசுத்தேன்.

செயலாளர் நிமிர்ந்தார். பார்த்தார். இரண்டு கைகளும் கேமராவை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே போய்க் குவிந்தன. "வேதகிரீசா," என்று திருக்கழுக்குன்றத்துச் சாமியைக் கூப்பிட்டார். கண்களை இறுக மூடிக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, லென்ஸ். லென்ஸை மரத்துக்குத் திருப்புங்க."

அவர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. படத்தைக் கூர்மையாக்கும் வளையம் எது, வெளிச்சத்தைக் குறைக்கும் வளையம் எது என்று எனக்குத் தெரியாது. படமெடுக்க அமுக்கும் வயர் ஷட்டரிலிருந்து தொங்கியது, அது மட்டும் தெரிந்தது. கூட்டாளி என் விலாவில் இடித்தான். "அமுக்கு டா." அமுக்கினேன்.

கிளிக் சத்தத்துக்குத் தலைவர் புன்னகை செய்தார். கழுகு எழும்பிப் பாறைச்சுவருக்கு அப்பால் போனது. பின்னால் வந்துபோனது யாரென்று தலைவருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும். சொன்னதும் அப்படியே பாறையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது நெற்றியில் பொங்கல் ஒட்டியிருந்தது.

"நெய் வாசத்துக்குத்தான் வந்திருக்கு," என்றார்.

"ஓம்," என்றார் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கூட்டாளி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் சிரித்தே செத்திருப்போம்.

ரோல் சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவுக்குப் போனது. எங்கள் பக்கத்துக் கல்யாணமெல்லாம் அங்கேதான் கழுவப்படும். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைத் தூக்கிக் காட்டியபோது நானே பார்த்தேன். தலைவர் கூர்மையாக விழுந்திருந்தார். அவர் தோளுக்கு மேலே, கலங்கலாக, ஆனால் கூனும் வளைந்த கழுத்துமாக, வேறு எந்தப் பறவையாகவும் இருக்க முடியாத ஒரு உருவம். பெரிய காகிதத்தில் அச்சடித்துக் கொடுங்கள் என்றேன். வகுப்புக்கு முதல் நாள் வரச் சொன்னார். அன்றிரவு எட்டுத் தெருவுக்குக் கேட்கும்படி விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

சொன்ன நாளில் போனேன். உறையிலிருந்து உருவினார். தலைவர் நின்றார், குடை நின்றது, மாலை பூப்பூவாகத் தெரிந்தது. பட்டமரம் இருந்தது. கிளை காலியாக இருந்தது.

"எங்கண்ணே?"

"என்ன எங்க?"

"கழுகு. தோளுக்கு மேல இருந்துச்சே."

அவர் முகம் மலர்ந்தது. "அதுவா. பெரிய கறை தம்பி, தலைவர் தலைக்குப் பக்கத்துல. பார்த்தா அசிங்கமா இருந்துச்சு. நெகட்டிவ்லயே பென்சில் போட்டு நிரப்பிட்டேன். ரெண்டு ராத்திரி வேலை. எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே அருமையான வேலை. தலைவருக்கு ஒரு சுற்று நிறமும் கூட்டிக் கொடுத்திருந்தார்.

"அழிச்சா திரும்ப வருமா?"

"வார்னிஷ் அடிச்சாச்சு லா. கல்யாணப் படத்துக்கு மட்டும்தான் அடிப்பேன், தலைவர்ங்கிறதால இதுக்கும் அடிச்சேன். சுரண்டினா தலைவரும் சேர்ந்து வந்துடுவாரு."

தலைவரைச் சுரண்டும் யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தலைவரின் ஜவுளிக்கடைப் பையன் அதற்குள் நெகட்டிவை வாங்கிக்கொண்டு போயிருந்தான். அந்த வாரமே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. புக்கித் தீமாவில் கழுகுக்கு அமுது படைத்த தலைவர் என்று அடியில் போட்டிருந்தார்கள். படத்தில் கழுகு இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் இருக்கிறாரே.

வகுப்புக்கு அந்தப் படத்தைத்தான் எடுத்துப் போனேன். வேறு என்ன எடுத்துப் போவது? விரிவுரையாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மொட்டைத்தலை இருக்கிறது," என்றார். "கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையமும் இருக்கிறது. ஆனால் குடை பிடிக்கும் இனத்தைப் பற்றி நான் படித்ததில்லை."

வகுப்பு மேசையைத் தட்டியது. பின் பெஞ்சுக்காரன் இரண்டு கைகளையும் விரித்தான். ஸ்டூடியோக்காரர், பென்சில், வார்னிஷ் என்று நான் ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லக் கதை இன்னும் மோசமாகியது. கடைசியில் நிறுத்திவிட்டு, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். மேசைமேல் யாரோ முன்பே கத்தியால் ஒரு பறவை செதுக்கி வைத்திருந்தார்கள். மணி அடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே நடையில் விரிவுரையாளர் என்னை நிறுத்தினார். படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இலையில் என்ன வைத்திருந்தீர்கள்?"

"சர்க்கரைப் பொங்கல் சார். அரிசி, வெல்லம், நெய்."

அவர் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது மட்டுமா?"

"மரத்தடியில் ஆட்டுக்குடல். அது தலைவருக்குத் தெரியாது."

"எத்தனை நாளானது?"

"முதல் நாள் வெட்டியது சார்."

"ம்," என்றார். திரும்பிப் போய்விட்டார். நானும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேண்டீனுக்குப் போனேன். அங்கே எனக்காக ஒருவன் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த திங்கட்கிழமை கூட்டாளி என்னைத் தேடி ஓடி வந்தான். ஞாயிறு காலையில் அவனும் அப்பாவோடு கடையில் நின்றானாம்.

"டேய், உன் வெள்ளைக்காரன் கடைக்கு வந்தான்டா."

"எந்த வெள்ளைக்காரன்?"

"அதான் அரைக்கால் சட்டை. கழுத்துல பைனாகுலர், முதுகுல கேமரா, கையில ஒரு வாளி. ஆட்டுக்குடல் வேணுமாம். புதுசு குடுத்தா வேணாங்கிறான், நேத்து வெட்டினது இருக்கான்னு கேட்குறான். எங்கப்பாவுக்குப் பயம் வந்துடுச்சு, சுகாதாரத்துல இருந்து வந்திருக்கான்னு."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கேண்டீன் காப்பி அன்றைக்கு நன்றாக இருந்தது. "நீ என்ன சொன்ன?"

"குடலைக் கட்டிக் குடுத்தேன். பொங்கலும் வேணுமா சார், முந்திரி போட்டுத் தர்றோம்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"கொஞ்ச நேரம் யோசிச்சான்டா."